நடப்பில் இருப்பது

வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டு வரி கட்டப் போகிறவருக்கு இரண்டு கணக்கு உண்டு. முந்தைய ஆண்டுகளில் கட்டாமல் விட்டது நிலுவை. இந்த ஆண்டுக்கு உரியது நடப்பு. ஆங்கிலத்தின் ‘கரண்ட்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன: இந்தக் காலத்துக்குரியது, செல்லுபடியாவது, மக்களிடம் புழங்குவது, இன்றைக்குத் தேவைப்படுவது. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குப் புதுச்சேரியின் கிராமப்புறம் நல்ல இடம்.

‘கரண்ட்’ லத்தீனில் ‘ஓடு’ என்னும் வினையிலிருந்து வந்தது. நம் ‘நடப்பு’ பிறந்தது ‘நட’ என்பதிலிருந்து. இரண்டிலுமே நின்றுவிடாமல் இயங்குவதுதான் அடிப்படை. கம்பியில் ஓடும் மின்சாரத்தை ஊரே ‘கரண்ட்’ என்பதற்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘கரண்ட் அஃபேர்ஸ்’ என்பதற்கும் வேர் ஒன்றுதான். பிரெஞ்சிலும் இதே சொல் உண்டு, ‘குரான்’ என்று ஒலிக்கும். பிரெஞ்சுக் கடிதங்களில் ‘15 குரான்’ என்றால் நடக்கும் மாதத்தின் 15-ஆம் தேதி. நம் பழைய பத்திரங்களில் ‘நாளது மாதம் 15-ஆம் தேதி’ என்று எழுதியதும் அதேதான். ‘நாளது தேதி வரை’ என்பதில் ‘அப்-டு-டேட்’ முழுதாக அடங்கிவிடுகிறது. இந்த ‘நாளது’ எழுத்திலிருந்து மறைந்து வருவது எனக்கு வருத்தமே.

காலத்தைக் குறிப்பது மேலடுக்கு மட்டும். அடுத்தது செல்லுபடி. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சமய வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்றானது. அப்படி வந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. 1963-இல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதும், ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது. ஆணையிட்ட அரசு போன பிறகும் அந்த ஆணையின் பலன் போகவில்லை. பழையது என்பதாலேயே ஒன்று நடப்பை இழந்துவிடாது.

மூன்றாவது புழக்கம். 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாக, அதாவது உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் அந்த முதல் பத்திலேயே இருந்தவை. இன்று கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆள்வது 1973-இல் இயற்றிய சட்டம். ஆணை மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகிற பாகூர்க்காரர் ‘கொம்யூன் ஆபீஸுக்குப் போறேன்’ என்று சொல்லும்போது பிரெஞ்சுச் சொல்லைப் பேசுகிறோம் என்று நினைப்பதில்லை. அது அவருடைய சொல்லாகிவிட்டது. சட்டம் மாறினாலும் சொல்லை வாய் காப்பாற்றிவிடும்.

நான்காவது, இன்றைக்குத் தேவைப்படுவது. இந்த அடுக்கில்தான் சிக்கல். சட்டம் செல்லுபடியாக இருக்கிறது, சொல் புழக்கத்தில் இருக்கிறது, அலுவலகமும் திறந்திருக்கிறது. ஆனால் கொம்யூன் என்பதே மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்காக உண்டானது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுச் சிக்கலிலும் வழக்கிலும் மாட்டி நின்றுபோனது. மன்றம் இல்லாத இடத்தில் ஆணையர் நிர்வாகத்தைப் பார்க்கிறார். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குளம் தூர்ந்துபோனது என்றால் மனு கொடுக்கலாம். ஆனால் ‘உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்’ என்று உரிமையோடு கேட்பதற்குத் தெருவில் ஆள் இல்லை. இதை நடப்பில் இருக்கும் சட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1954 அக்டோபர் 18-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். வில்லியனூரை அடுத்த கீழூரில் அன்று 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும், மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர்களும். பாரீசும் டெல்லியும் பேசிய பேச்சுக்கு மக்கள் ஒப்புதலாக வைக்கப்பட்டது அவர்கள் கொடுத்த வாக்குதான். அன்று கொம்யூன் நாளது தேதி வரை நடப்பில் இருந்தது.