தருமமும் கணக்கும்

படிக்கக் கொடுத்த பணத்துக்குப் பலன் கேட்கலாமா?

சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தாரும் மாமனாரும் செய்த உதவியால் 1923-ல் அமெரிக்கா போனார். அங்கே உதவித்தொகை கிடைக்கவில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுத்துக் கழுவினார். 1930-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பாமலே 1948-ல் இறந்தார். கணக்கனின் ஏட்டில் இது நஷ்டம்தான்.

ஆனால் யானைக்கால் நோய்க்கு டைஎத்தில்கார்பமசைன் என்ற மருந்தை 1947-ல் உலகுக்குச் சொன்னது அவருடைய குழு. பிற்பாடு ஸ்ரீமுஷ்ணம் இருக்கிற கடலூர் மாவட்டத்தில் அரசாங்கம் வீடுவீடாகக் கொடுத்த மாத்திரை அதுதான். விழுங்கியவர்கள் காக்கிநாடா தருமத்தை அறியார். தருமத்தார் ஸ்ரீமுஷ்ணத்தை நினைத்திருக்கவும் மாட்டார்கள். கல்விக்கொடை போய்ச் சேரும் இடம் கொடுத்தவன் கண்ணுக்கு எட்டுவதில்லை.

அதற்காக, மலச்சட்டிதான் அவரை மேதையாக்கியது என்று புகழ வேண்டாம். அது நம் கருமித்தனத்துக்கு நாமே பூசிக்கொள்ளும் சந்தனம். தூக்கத்தை விற்கத் தெம்பில்லாமல் படிப்பை விட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை அல்லவா?

தேசியத் தேர்வில் தேறிய இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மத்திய அரசின் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதைப் பிச்சையாக நினைப்பவன் பலன் கேட்கட்டும். இனி வரப்போகும் நோயாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்று நினைப்பவன், மாதம் தவறாமல் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பான்.