நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?



தீபாவளிக்கு முந்திய வாரம் என் அக்கா மகள் போன் பண்ணினாள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் தொழில்நுட்பம் படிக்கிறாள், கடைசி ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து, அவற்றில் ஒரு மரபணுவைத் திருத்துவதுதான் அவளுடைய ஆய்வு.

"மாமா, மூணு தடவை செஞ்சேன். முதல்ல 9 சதவீதம், அடுத்து 12, கடைசியில 41. அறிக்கையில 41-ஐ மட்டும் போடுன்னு சீனியருங்க சொல்றாங்க. அது பொய் இல்லையே, மெஷின் காட்டினதுதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

நான் விஞ்ஞானி இல்லை. ஈப்போவில் கணக்கு வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கிறேன். அதனால் முதலில் அவளையே எனக்குப் பாடம் நடத்தச் சொன்னேன்.

கிரிஸ்பர் என்ற கருவியைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் சார்பான்டியே என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2012-இல் அதைப் பற்றி எழுதினார்கள். 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மரபணுவில் நாம் சொல்லும் இடத்தைத் தேடிப் போய் அது வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தைச் செல் ஒட்டவைக்கும்போது எழுத்து மாறிவிடும். ஆனால் எல்லாச் செல்லிலும் மாறாது. நூற்றுக்கு எத்தனையில் மாறியது என்பதுதான் திருத்த வீதம். அதை அளக்கப் பல வழி உண்டு. இழைகள் பொருந்தாத இடத்தைக் கண்டு வெட்டும் ஒரு நொதியைப் போட்டுப் பார்ப்பது மலிவான வழி, ஆனால் அது சிலவற்றைத் தவறவிடும். அந்த இடத்தின் எழுத்துகளை ஆயிரக்கணக்கான முறை படித்து எண்ணுவது செலவான வழி. அதுவும் முழுசாகச் சரி என்று சொல்ல முடியாது. பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் வழக்கமான சோதனையின் கண்ணுக்கு அது தெரியாது என்று இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் ஆய்வகத்தார் 2018-இல் காட்டினார்கள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு என் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். இன்று அந்தத் தோட்டம் பாதி செம்பனை, பாதி தாமான். விடியுமுன் பிரட்டு, அப்புறம் மரம், வெயில் ஏறியதும் மங்குகளில் இருந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அங்கே தராசு. தராசுக்குப் பக்கத்தில் கிராணி.

பாலில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். "வாளி எடைக்குன்னு ரெண்டு கழிக்க வேண்டிய எடத்துல மூணு கழிப்பான்டா" என்பார் பாட்டி. அதோடு நிறுத்த மாட்டார். "நம்ம ஆளுங்களும் யோக்கியம் இல்ல. வாய்க்கால் தண்ணிய ஊத்திக் கொண்டாந்தவங்க உண்டு. கலக்காம மேலாக்க மொண்டா அளவு தப்பாத்தான் வரும்."

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் அளவை நம்பலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்வி வைத்திருந்தார். வாளி எடை எவ்வளவு? எங்கிருந்து மொண்டாய்? எத்தனை வாளிக்கு இந்தக் கணக்கு? இந்த மூன்றையும் அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகலாம்.

முதல் கேள்வி, வாளி எடை. திருத்தமே செய்யாத செல்களையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். கருவியின் பிழையால் அதிலும் ஒன்றிரண்டு 'மாற்றம்' தெரியும். அதைக் கழிக்காமல் சொல்லும் எண், வாளியோடு சேர்த்து நிறுத்த பால்தான்.

இரண்டாவது, எங்கிருந்து மொண்டாய். 2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரைச் சேர்ந்த ஹ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைகளை உண்டாக்கிவிட்டோம் என்பது அவர் பேச்சு. கரு நிலையில் அவர் பார்த்ததோ அதிலிருந்து எடுத்த ஒருசில செல்கள். ஒரே கருவில் சில செல் மாறியும் சில மாறாமலும் இருக்கலாம். மேலாக மொண்ட ஒரு கரண்டியை வைத்து முழு வாளிக்கும் தீர்ப்புச் சொல்லலாமா? இரட்டையரில் ஒரு குழந்தைக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் மாறியிருந்தது என்று அவர் காட்டிய தரவே சொன்னது. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. வாளிப் பால் தப்பினால் ஒரு நாள் சம்பளம் போகும். இங்கே இரண்டு உயிர், அவர்களுக்குப் பின்னால் வரும் தலைமுறைகள்.

மூன்றாவது, எத்தனைக்கு. இதற்கு நம்ம மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ஒன்பது கன்றுகளை ஹியூ லோ நம் கோலகங்சாரில் நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்த ரப்பர் மரத்தின் மரபணுவையும் இப்போது திருத்துகிறார்கள். 2020-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் திருத்த வீதம் ஏறக்குறைய 4-இலிருந்து 20 சதவீதம் வரை. கேட்டவுடன் 'நூறு மரம் நட்டால் இருபது மரம் மாறிவிடும்' என்று தோன்றும், இல்லையா? அப்படி இல்லை. அது சுவர் நீக்கப்பட்ட தனிச் செல்களில் எண்ணியது. செல் மரமாகி, மரம் பால் கொடுக்கும் வரை போகிற தூரம் வேறு. அந்த ஆய்வாளர்கள் எதில் எண்ணினோம் என்பதை ஆய்வின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதுதான் நேர்மை.

சரி, அக்கா மகள் கேட்டதற்கு வருவோம். மெஷின் காட்டிய 41 பொய்யா?

மகாபாரதத்தில் துரோணர் கேட்ட கேள்விக்குத் தருமர் சொன்ன பதிலும் பொய் இல்லை. அசுவத்தாமன் என்ற யானை செத்தது உண்மை. ஆனால் 'யானை' என்ற சொல் மட்டும் துரோணர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னார். அதுவரை தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர், அந்த நிமிஷமே மண்ணில் இறங்கியது. யுத்தம் ஜெயித்தது. தேர் மறுபடி ஏறவில்லை. எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, 'எதில் எத்தனை' என்பதை மெல்ல முனகுவதும் இதே காரியம்தான்.

"எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க" என்று சிலர் சொல்வீர்கள். அதை விடக் கனமான ஒரு கேள்வியும் உண்டு. நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இடமே கொஞ்சம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். நல்ல எண் போட்டால்தான் மேற்படிப்புக்கு உதவித்தொகை. அவளைப் பார்த்து 'நீ 9-ஐயும் போடு' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

எனக்குக் கிடைத்த பதில் இது. 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்குக் கிரிஸ்பர் சிகிச்சை ஒன்றை அனுமதித்தன. நம் நாட்டு இந்தியர்களிடையே அந்த நோய் இருப்பதை 1980-களிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் நோயாளியின் இரத்த மூலச்செல்களை வெளியே எடுத்துத் திருத்துவார்கள். அதைத் திருப்பி ஏற்றும் முன், கடுமையான மருந்து கொடுத்து உடம்பில் மிச்சமிருக்கும் பழைய மூலச்செல்களை அழித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த மனிதர் நம்பி நிற்பது அந்தப் பையில் உள்ள செல்களையும், அதன் மேல் யாரோ எழுதிய எண்ணையும்தான். அந்த எண்ணை எழுதும் கை ஒரே நாளில் உருவாவதில்லை. கடைசி ஆண்டு ஆய்வில், யாரும் பார்க்காத ஓர் அறிக்கையில் பழகிய கைதான் அங்கேயும் எழுதும். கிராணி ஒரு கிலோ கூடக் கழித்தபோது நாம் பட்ட வலி நமக்குத் தெரியும். தராசு நம் கைக்கு வந்தபிறகு நாமும் அதையே செய்தால், பாட்டி பட்ட பாட்டிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

மறுநாள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த மூணாவது தடவை மட்டும் எதை எண்ணின?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மாமா... அந்தத் தடவை மட்டும் ஒளிர்ற செல்லை முதல்ல தனியா பிரிச்சுட்டேன். கருவி உள்ள போன செல் மட்டும்தான் ஒளிரும். மத்த ரெண்டு தடவை எல்லாச் செல்லையும் எண்ணினேன்."

ஆக 41-உம் உண்மை, 9-உம் உண்மை. நூறுதான் வேறு வேறு. மூன்றையும் போட்டு, எந்த நூற்றில் எண்ணியது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிவிட்டாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை. கூடும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், குறையவும் செய்யலாம்.

இது ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உள்ள தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். போன முகாமுக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்று நாமும்தான் அறிக்கை எழுதினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பேர் இருந்தார்கள்? அடுத்த அறிக்கையில் அதையும் எழுதுவோம்.