இலையுதிர்ந்த செடிக்கு என்ன கடன்?

ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்று பெயர் பெற்ற புருக்மான்சியா, ஜெர்மனியின் வீட்டுத் தோட்டங்களில் கோடை முழுவதும் பூத்துக் குலுங்கும். நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவுக்காரச் செடி. ஊமத்தம்பூ நிமிர்ந்து நிற்கும். இது ஒரு அடி நீளத்துக்குத் தலைகீழாகத் தொங்கி, பொழுது சாய்ந்ததும் மணக்கத் தொடங்கும். ஆண்டிஸ் மலைத்தொடரும் பிரேசிலின் தென்கிழக்கும் இதன் பூர்வீகம்; உறைபனி பட்டால் கருகிவிடும். ஆகவே அக்டோபரில் பனி இறங்குமுன் கவாத்து செய்து, தொட்டியோடு நிலவறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். 5 முதல் 10 டிகிரி குளிரில், வெளிச்சமில்லாத மூலையில், இலை அத்தனையும் கொட்டிவிட்டு வெறும் கட்டையாக அது நிற்கிறது. வேர்மண் அடியோடு காய்ந்துவிடாதபடி எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் இருக்கிறது. மே வரை இதே நிலைதான். பூவும் நிழலும் தராத, தின்ன முயன்றால் ஆளையே கொல்லக்கூடிய இந்தச் செடியை அத்தனை மாதங்கள் காப்பது விருப்பம் சார்ந்த பொழுதுபோக்கா, கடமையா? கடமை என்றே நான் சொல்வேன்.

அப்படிச் சொல்வதற்கான முதல் காரணம் இந்தச் செடியின் வரலாற்றிலேயே இருக்கிறது. புருக்மான்சியாவில் ஏழு இனங்கள் உண்டு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் ஏழையும் 'காட்டில் அற்றுப்போனவை' என்றே வகைப்படுத்தியிருக்கிறது. மனிதர் நட்டவையும், நட்ட இடத்திலிருந்து தப்பிப் படர்ந்தவையும்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. இதன் காய்களைத் தின்று விதை பரப்பிய பெரிய விலங்குகள் எப்போதோ அழிந்திருக்கலாம் என்று தாவரவியலாளர் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம் தவறாகவே இருந்தாலும், விலங்கு செய்ய வேண்டிய வேலையை இன்று மனிதக் கை செய்கிறது என்பதில் ஐயமில்லை. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் பழங்குடி மருத்துவர்கள் சடங்குக்கும் மருந்துக்கும் இதன் பல வகைகளை, தண்டை ஒடித்து நட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். இலை ஒடுங்கிச் சுருண்டு உருமாறிப்போன, தானாகப் பிழைக்கும் வலு குறைந்த வகைகளும் அவர்கள் கைகளில் வாழ்ந்தன. திரும்பிப் போகக் காடே இல்லாத ஓர் உயிர், அதை வைத்திருப்பவரையே முழுமையாக நம்பி நிற்கிறது. அந்த நம்பிக்கையைச் செடி அறியாமல் இருக்கலாம். வைத்திருப்பவருக்கு அது தெரியும், அவருடைய கடன் அங்கேதான் பிறக்கிறது.

'வலியே உணராத ஒன்றுக்கு என்ன கடன்?' என்பார்கள். இது வலுவான மறுப்பு. பெரிய சிந்தனையாளர்களும் இதன் பக்கம் நின்றிருக்கிறார்கள். செடி விலங்குக்காக, விலங்கு மனிதனுக்காக என்றார் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். 1797-இல் கான்ட் சற்று இளகினார்: தாவர உலகின் அழகைக் காரணமின்றி அழிப்பது தவறு, ஆனால் அந்தத் தவறு செடிக்கு இழைக்கப்படுவதல்ல, அழிப்பவன் தன் மனத்துக்கே செய்துகொள்ளும் கேடு என்றார். நம் மரபின் பார்வை வேறு. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று உயிர்களின் வரிசையிலேயே வைக்கிறது. சமணமும் அவற்றுக்குத் தொடுவுணர்வு உண்டு என்று கொண்டு, அவற்றைத் துன்புறுத்துவதில் எச்சரிக்கை வேண்டும் என்கிறது. இன்றைய அறிவியல் அந்த உணர்வை ஒப்புமா என்பது தனி விவாதம். என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. நன்மையும் தீமையும் வலியைக் கொண்டு மட்டும் அளக்கப்படுவதில்லை. தண்டின் திசுவுக்குள் நீர் உறைந்து செல்கள் கிழிவது அந்தச் செடிக்குக் கேடுதான், அதை அது உணராவிட்டாலும். வளர்தல், துளிர்த்தல், பூத்தல் என்று தனக்கென ஒரு போக்கு உள்ள எதற்கும் நலம், கேடு என்ற இரண்டும் உண்டு. 1992-இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் வழியே உயிரினங்களின் மாண்பைத் தங்கள் அரசமைப்பில் சேர்த்தார்கள். அந்த நாட்டின் உயிரித் தொழில்நுட்ப அறநெறிக் குழு 2008-இல், சாலையோரக் காட்டுப்பூவைத் தக்க காரணமின்றிக் கொய்து எறிவதும் அறமல்ல என்று ஒருமனதாகச் சொன்னது. உலகம் அதைக் கேட்டுச் சிரித்தது. அந்தக் குழு கேட்டது கருணையைக்கூட அல்ல, செய்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதைத்தான். இதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு பயன் பார்த்து யாரும் சூடாத நச்சுப் பூவான ஊமத்தையைச் சிவன் தலையில் வைத்த சைவ மரபுக்கு, ஒரு செடியின் மதிப்பும் அதன் பயனும் ஒன்றல்ல என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிடக் கடினமாகப் படுகிறது. வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டுக்குக் கொண்டுவந்து, நிலவறையில் அடைத்து, கிளைகளை வெட்டி உயிரைப் பிடித்து வைப்பதில் அன்பு எங்கே இருக்கிறது, அது உடைமை வெறி அல்லவா என்பது. பாதியை ஒப்புக்கொள்கிறேன். அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கி, குளிர் வந்ததும் வெளியிலேயே சாகவிட்டு, அடுத்த ஆண்டு புதிதாக வாங்குபவரிடம் உடைமை உணர்வு மட்டுமே இருக்கிறது. ஆனால் செடியைக் காட்டில் விட்டுவிடும் வாய்ப்பு யாரிடமும் இல்லை. ஆகவே இங்கே பராமரிப்புக்கும் சாவுக்கும் இடையில்தான் தெரிவு. வெட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். இளஞ்செடி ஒற்றைத் தண்டாக வளர்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டாகக் கவட்டை பிரியும். பூப்பது அதற்கு மேலேதான். விவரம் அறிந்தவர் கவட்டைக்கு மேல் சில கணுக்களை விட்டுத்தான் வெட்டுவார், கீழே வெட்டினால் செடி மீண்டும் பூக்கும் பருவத்தை எட்ட நெடுநாள் ஆகும் என்பதால். இடத்துக்குத் தகுந்தபடி வெட்டுவது ஒன்று, செடியின் போக்கை அறிந்து வெட்டுவது வேறொன்று. அன்பா உடைமையா என்பதற்கு அந்தக் கணுக்களே சாட்சி.

வசந்தத்தில் செடியை எப்போது வெளியே எடுப்பது என்பதிலும் சமயம் வந்து சேர்கிறது. ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரையிலான 'பனிப் புனிதர்' நாள்கள் கழியக் காத்திருப்பார்கள்: மமெர்ட்டுஸ், பங்கிராட்டியுஸ், செர்வாட்டியுஸ், போனிஃபாட்டியுஸ், கடைசியில் 'குளிர் சோஃபி'. மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்குபவர்கள் கையில் ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 1582-இல் கிரிகோரியன் நாள்காட்டி வந்தபோது தேதிகள் பத்து நாள் நகர்ந்தன. பழைய அனுபவம் அதற்கு முந்தைய நாள்காட்டியில் உருவானது என்றால், அது சுட்டும் நாள்கள் இன்றைய மே 20-ஐ ஒட்டியே வரும். கணக்கு சரிதான். ஆனால் அது பொறுமையை இன்னும் சில நாள் நீட்டச் சொல்கிறதே ஒழிய, கைவிடச் சொல்லவில்லை. நான்கு நாள் வெயிலைக் கண்டு நம் ஆவலுக்காகச் செடியை வெளியே இழுக்காதே என்று அந்த வழக்கம் தடுக்கிறது. தன் நேரத்தைவிட இன்னோர் உயிரின் நேரத்தைப் பெரிதாக எண்ணும் இந்தப் பழக்கத்தைச் சமயங்கள் நோன்பாகவும் விரதமாகவும் பயிற்றுவித்திருக்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. இந்தச் செடிகள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியின் போத்துகள்; ஒன்று செத்தால் அதே செடி இன்னொருவர் தோட்டத்தில் இருக்குமே, இழப்பு என்ன? காட்டு மரத்துக்கு இது பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒன்றின் இடத்தைக் காடு நிரப்பும். இங்கே நிரப்பக் காடு இல்லை. ஒவ்வொருவரும் 'அடுத்தவர் வைத்திருப்பார்' என்று எண்ணினால் ஒருவரிடமும் இருக்காது. அதே சமயம் போத்து தாயின் உடலே என்பதால் கடனைத் தீர்க்க எளிய வழியும் கிடைக்கிறது. நிலவறை இல்லாதவர், கனத்த தொட்டியைத் தூக்க முடியாத முதியவர், அக்டோபரில் ஒரு சாண் நீளத் தண்டை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். சன்னலோரச் சிறு தொட்டியில் அது குளிர்காலத்தைக் கடந்துவிடும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவே. அதுவும் முடியாதவர் மே மாதத்தில் பூவைப் பார்த்து மயங்கி இந்தச் செடியை வாங்காமல் இருக்கலாம்.