கதவுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

பெற்றோரே, உங்கள் பிள்ளை உளவளத்துணையாளரோடு கணினித் திரையில் பேசும் வேளையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

2020ஆம் ஆண்டில் கொறோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பல நாடுகளிலும் சிறுவர்க்கான உளவளத்துணை இணையவழிக்கு மாறிற்று. நோய் தணிந்த பின்னரும் அவ்வழி நிலைத்துவிட்டது. தூர இடத்துப் பிள்ளைகளுக்கு அது நன்மையே. ஆயினும், "பிள்ளை திரைக்கு முன்னால் இருக்குதில்லை; இருந்தாலும் வாய் திறக்குதில்லை" என்ற முறைப்பாடு எழாமலில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்திருப்பது தண்டனை. வளர்ந்தவர் பேசித் தீர்ப்பதைப் பிள்ளை விளையாடித் தீர்க்கிறது என்பதை வேர்ஜினியா அக்ஸ்லைன் என்ற அமெரிக்க அம்மையார் 1947இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே அனுபவமுள்ள துணையாளர் நேரத்தைக் குறுக்குகிறார். இரு பக்கமும் கடதாசி வைத்துப் படம் கீறுகிறார். வீட்டுப் பூனையைக் காட்டச் சொல்கிறார். பிள்ளை கூச்சப்பட்டால் கமராவை மூடவும் விடுகிறார். "காசு குடுத்து விளையாட்டோ?" என்று முணுமுணுக்கும் தகப்பன்மாருக்கு அக்ஸ்லைன் அம்மையாரே பதில்.

ஆனால் விளையாட்டாலும் வாய் திறவாத பிள்ளையுண்டு. சிகிச்சை நிலையத்தில் ஒரு சுவர் இருந்தது. சிகிச்சை வீட்டுக்குள் வந்தபோது அந்தச் சுவர் கூட வரவில்லை. கதவிடுக்கில் தாயின் நிழல் தெரிகிறது. திரை அணைந்ததும், "என்ன கேட்டவ? நீ என்ன சொன்னனி?" என்ற விசாரணை. அடுத்த கிழமை பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும்!

"பெற்ற எனக்குத் தெரியாத இரகசியமோ?" என்று தாய் கேட்கலாம். அது அன்பும் அச்சமும் கலந்த கேள்வி, நகைப்பதற்கில்லை. ஆனால் பெற்றதனாலே பிள்ளையின் மனமும் நமது உடைமையாகிவிடுமா? 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991இல் இலங்கையும் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், அதன் 16ஆம் உறுப்புரையில் பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் காப்பளிக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் மறைக்க முடியாது என்பதை நல்ல துணையாளர் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவைப்பார். அதற்காக நாம் காவல் நிற்க வேண்டியதில்லை. அன்றியும், வீட்டிலுள்ளவர்க்கே அஞ்சும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நிழல் வாய்ப்பூட்டு.

ஓரறை வீட்டில் என்ன செய்வது? காதில் செருகும் கருவி உதவும். ஆம், இல்லை என்று மறுமொழி சொல்லத்தக்க கேள்விகளைக் கேட்கும்படி துணையாளரை வேண்டலாம். அம்மம்மா சின்னதுகளை முற்றத்துக்குக் கூட்டிப் போகலாம். அறையுள்ள வீடென்றால் கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள். நீங்கள் தூரத்தில் நிற்பது பிள்ளையின் காதுக்குக் கேட்கட்டும்.