ஏலத்திற்கு வரும் இல்லம்

பிறர் இழந்த வீட்டை விலைக்கு வாங்குதல் அறமாகுமா? கடன் தீராமையால் ஏலத்திற்கு வரும் வீடுகளில் முதலீடு செய்ய விழையும் நம் இளைஞர்கள் முதலில் எண்ண வேண்டிய வினா இது. அவ்வீடுகள் சந்தை மதிப்பினும் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. அக்குறைவு எதனால் வருகிறது என்று தெளிந்த பின்னரே வாங்கலாமா, கூடாதா என முடிவு செய்தல் முறையாகும்.

முதற்கண் நடைமுறையைக் காண்போம். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதனை வாராக்கடனாகக் கொள்கிறது. பின்னர் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்புகிறது. அப்போதும் கடன் தீராவிடில் வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்து, நாளேடுகளில் விளம்பரம் செய்து ஏலம் விடலாம். ஏலம் எடுத்தவர் விலையில் நான்கில் ஒரு பங்கை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும். எஞ்சியதற்குப் பொதுவாக 15 நாள்களே தவணை. வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படும். ஆகவே வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் காட்டுதல், வரி நிலுவைகளை அறிதல், வீட்டில் எவர் குடியிருக்கின்றனர் என நேரிற் காணுதல் ஆகியவை தொடக்கப் பாடங்கள். விலைக்குறைவில் ஒரு பகுதி இவ்விடர்களை ஏற்பதற்கான ஈடு. அதனைப் பெறுவதில் குற்றமில்லை.

மற்றொரு பகுதி, கடன்பட்டவரின் கையறு நிலையிலிருந்து பிறப்பது. ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 40 இலட்சம்; வட்டியும் செலவும் உட்படக் கடன் 30 இலட்சம் எனக் கொள்வோம். 37 இலட்சத்திற்கு ஏலம் போனால், மிகுதி 7 இலட்சம் வீட்டை இழந்தவருக்கே உரியது என்கிறது சட்டம். 30 இலட்சத்தில் முடிந்தால் அவர் வெறுங்கையுடன் வெளியேறுவார். 27 இலட்சத்தில் முடிந்தாலோ, வீடும் போய் 3 இலட்சம் கடனும் அவர் தலைமேல் நிற்கும். ஆகவே ஏலவிலை என்பது வங்கிக்கும் வாங்குபவருக்கும் இடைப்பட்ட செய்தி மட்டுமன்று. அவ்விடத்தில் இல்லாத மூன்றாமவர் ஒருவரின் எதிர்காலமும் அதில் அடங்கியுள்ளது.

இதனை உணர்ந்தால், ஏலம் கேட்போர் தம்முள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏறவிடாது தடுப்பது திறமையன்று, களவே என்பது விளங்கும். குடியிருப்போரை வெளியேற்ற வங்கி தலைமை நீதித்துறை நடுவரையோ மாவட்ட நடுவரையோ அணுகச் சட்டத்தில் வழியிருக்க, அடியாள்களைக் கொண்டு அச்சுறுத்துவது இன்னா செய்தலே.

“நாம் வாங்காவிடில் வேறொருவர் வாங்குவார்” என்பர் சிலர். அக்கூற்று வாங்குவதற்குச் சமாதானமாகலாம். வாங்கும் முறைக்குச் சமாதானமாகாது. “இப்பாவமே வேண்டா” என முற்றிலும் ஒதுங்குவோரும் உளர். அவர்தம் இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் நேர்மையாளர் யாவரும் ஒதுங்கினால் போட்டி குறையும், விலை வீழும், இழந்தவரின் இழப்பே பெருகும். தகுந்த விலை கேட்கும் ஒருவர் அவ்வேலத்தில் இருப்பதே அவருக்கு உதவியாகும்.

எனினும் அதனினும் முந்திய கடமை ஒன்றுண்டு. ஏல விளம்பரம் வெளியாகும் நாளுக்கு முன்பு முழுக் கடனையும் செலுத்தினால் வீட்டை மீட்கலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன்பின் அவ்வுரிமை இல்லை. கடன்பட்டவர் நம் உறவினராகவோ ஊராராகவோ இருப்பின், வங்கியின் கடிதத்தை வெட்கத்தால் மறைத்து வைக்காதபடி அவருக்குத் துணை நிற்றல் வேண்டும். இயன்றால் கைமாற்றாகப் பொருள் தரலாம். இயலாவிடில், அவரே நல்ல விலைக்கு விற்றுக் கடன் தீர்க்க ஆள் தேடித் தரலாம்.

மிகுபொருள் விரும்பாமை என்பது பொருளீட்டுதலை முற்றும் விலக்குவதன்று. அதற்கு எல்லை வகுப்பது. வீடு வாங்க எண்ணும் இளைஞர் தம் எல்லையை ஏல நாளுக்கு முன்பே வகுத்துக்கொள்க. நாம் கேட்கவிருக்கும் விலையை, வீட்டை இழந்தவரின் எதிரில் நின்று கூசாமல் சொல்ல இயலுமாயின், அவ்வில்லத்தில் நாம் மன அமைதியுடன் வாழலாம்.