ஏரிக்குள் ஓடும் எல்லை

சுண்ணாம்புக்குளம் என்ற ஊரை அடுத்து விரியும் பழவேற்காடு ஏரியில் மாநில எல்லை தண்ணீருக்குள் ஓடுகிறது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோது, அதுவரை ஒரே மாகாணத்து மாவட்டங்களாக இருந்த நெல்லூரும் செங்கல்பட்டும் இரு மாநிலங்களுக்குப் போயின. ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திரத்தில். இறாலும் மடவையும் கடலிலிருந்து ஏறிவரும் பழவேற்காட்டு முகத்துவாரம் தமிழ்நாட்டில். மீன் ஒரு மாநிலத்தில் நுழைந்து இன்னொரு மாநிலத்தில் வளர்கிறது. வலைபோடும் உரிமையை எதை வைத்துத் தீர்ப்பது? ஊரையா, பிறப்பையா, உழைப்பையா?

அமெரிக்கா குடியரசாக உருவாகிவந்த ஆண்டுகளிலும் இந்த வழக்கு எழுந்தது. 1632-ஆம் ஆண்டு அரச சாசனத்தைக் காட்டி, பொட்டோமாக் ஆறு முழுவதும் தனதே என்றது மேரிலாந்து. அந்த ஆறு சேரும் செசபீக் விரிகுடாவின் வாயோ வர்ஜீனியாவின் பிடியில். இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கக்கூடிய நிலை. 1785 மார்ச்சில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீட்டில் பேசித் தீர்த்தார்கள். வர்ஜீனியாவுக்காக ஜார்ஜ் மேசனும் அலெக்சாண்டர் ஹெண்டர்சனும், மேரிலாந்துக்காக டேனியல் ஜெனிஃபர், தாமஸ் ஸ்டோன், சாமுவேல் சேஸ் ஆகியோரும் வந்தார்கள். இவர்களைப் பலருக்கும் தெரியாது. ஆனால் இவர்கள் எழுதிய ஒப்பந்தம் அருமையானது: ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை இரு மாநிலக் குடிமக்களுக்கும் சமம், ஒருவர் மற்றவர் கரையில் வலை இழுக்கக் கூடாது. இந்தப் பேச்சே 1786-இல் அன்னாபொலிஸ் கூட்டத்துக்கும், 1787-இல் அரசியல் சாசனம் எழுதிய ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்கும் வழி திறந்தது. அங்கே மேசன், உரிமைப் பட்டியல் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்தார்.

அந்த மறுப்பு மரியாதைக்குரியது. ஆனாலும் அதே ஆற்றில், வாஷிங்டனின் தோட்டத்துக்காக ஹெர்ரிங் மீனைக் கரைக்கு இழுத்தவர்கள் அடிமைகள். அடிமை வணிகத்தைக் கண்டித்த மேசனிடமும் அடிமைகள் இருந்தார்கள். நீர் பொது என்றவர்கள், வலைக்கயிற்றைப் பிடித்த கைகளைக் குடிமக்களாக எண்ணவில்லை.

பழவேற்காட்டின் பாடு முறையை எவரும் மாளிகையில் உட்கார்ந்து எழுதவில்லை. வலைபோடும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டு, இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம் என்று சுழற்றும் இந்த ஏற்பாடு மீனவர்களே உண்டாக்கியது. வலிமையுள்ளவன் நல்ல இடத்தை நிரந்தரமாக வளைத்துக்கொள்ள அது விடுவதில்லை. அந்த வகையில் மவுண்ட் வெர்னான் ஒப்பந்தத்தைவிட இதுவே நீதிக்கு நெருக்கமானது. ஆனால் பாடு முறையில் பங்கு பரம்பரையாகப் பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் குப்பங்களுக்கே உரியது. அதே நீரை நம்பி வாழும் தலித் மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஏரி தாங்குமா என்று பாடு உரிமையுள்ளவர்கள் கேட்பதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்துவரும் ஏரி அது. வரம்பு இல்லாத உரிமை எல்லோர் வயிற்றிலும் அடிக்கும். எனினும் வரம்பு கட்டவேண்டியது வலைகளின் எண்ணிக்கைக்கும் கண்ணியின் அளவுக்கும்தான். பிறந்த சாதியை வைத்துக் கட்டும் வரம்பு ஒரு இறால் குஞ்சைக்கூடக் காப்பாற்றாது. மாநில எல்லைக்கும் இதையே சொல்லலாம். தோணி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைவிட, எத்தனை தோணிகள், எந்தப் பருவத்தில், எந்த வலையோடு வந்தன என்பதே ஏரிக்குப் பொருட்டு.

பொட்டோமாக்கிலும் ஒப்பந்தம் சண்டையைத் தடுத்துவிடவில்லை. சிப்பிக்காகத் துப்பாக்கிகள் வெடித்தன. 1957-இல் மேரிலாந்து பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டது. மறு ஆண்டு இரு மாநிலங்களும் புதியது எழுதி, மீன்வளத்துக்கென்று ஒரு கூட்டு ஆணையத்துக்கு இடம் வைத்தன. பழவேற்காட்டுக்கும் அத்தகைய கூட்டு அவை வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசும் குப்பத்தார் அதில் உட்காரட்டும். அவர்களுக்குச் சமமாக, வலையே இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தேடும் இருளப் பெண்ணுக்கும் அதில் ஓர் ஓட்டு இருக்கட்டும்.