விளக்கம் கேட்டால் விசுவாசம் குறையுமா?

உழவர்கரையில் மட்டுமன்று, எந்தப் பங்கிலும் மறைக்கல்வி வகுப்பு நடத்துவோர் அறிந்த காட்சி இது. ஆண்டவர் கடல்மீது நடந்தார் என்று சொல்லி முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குறும்புக் குரல் எழும்: "அடியில் பாறை இருந்திருக்குமோ?" வகுப்பு சிரிக்கும். நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் அதட்டி அமர்த்திவிடுகிறோம். பிள்ளை அடங்கிவிடுகிறான், கேள்வி அடங்குவதில்லை. பின்னாளில் அதே கேள்வியை அவன் ஒரு மேடையில் கேட்கும்போது, இதற்கு விடை சொல்ல நம் பெரியவர்கள் அஞ்சினார்கள் என்ற நினைவும் சேர்ந்தே வருகிறது.

அஞ்சத்தான் வேண்டுமா? இவ்விளக்கங்களோடு சற்று விளையாடிப் பார்ப்போம்.

2006-ஆம் ஆண்டில் டோரன் நோஃப் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர், பண்டைக் காலத்துக் கடுங்குளிரில் கலிலேயக் கடலின் சில பகுதிகளில் பனிக்கட்டி உறைந்திருக்கலாம் என்றும், இயேசு நடந்தது அதன்மேலாக இருக்கலாம் என்றும் எழுதினார். நல்ல கற்பனைதான். ஆனால் யோவான் நற்செய்தியைத் திறந்தால், பாஸ்கா நெருங்கிய காலம் அது. அன்று பகலில்தான் மக்கள் புல்தரையில் அமர்ந்து உண்டிருக்கிறார்கள். பசும்புல் வளரும் கரையில் பனிப்பாளமா? குருவைத் தாங்கிய பனிக்கட்டி பேதுருவை மட்டும் கைவிட்டது ஏன்? அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனிக்கட்டியை அடையாளம் தெரியாமற் போயிற்று என்றால், நம் வீராம்பட்டினத்து மீனவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

எல்லா விளக்கங்களையும் இப்படிச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில் கீழைக்காற்று 12 மணி நேரம் வீசினால், நைல் கழிமுகத்தின் ஆழமற்ற நீர்ப்பரப்பு விலகி வழி தோன்றக்கூடும் என்று 2010-இல் கார்ல் டிரூஸ், வெய்சிங் ஹான் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினர். இதைக் கேட்டு நாம் பதற வேண்டியதில்லை. இரவு முழுவதும் வலிய கீழைக்காற்று வீசியதென்று விடுதலைப் பயண நூலே (14:21) கூறுகிறது. காற்றைச் சொல்ல விவிலியம் வெட்கப்படவில்லை. அந்தக் காற்று யாருடையது என்பதையே அது பேசுகிறது.

நம் சின்னங்களின் நிலையும் இதுவே. தன் மார்பைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளைக் காக்கும் கூழைக்கடாவைப் பழைய பீடங்களிலும் நற்கருணைப் பேழைகளிலும் காணலாம். வேடந்தாங்கலுக்குச் சென்று பார்த்தால் எந்தக் கூழைக்கடாவும் அவ்வாறு செய்வதில்லை. அலகுப் பையிலுள்ள இரையைக் கொடுக்க அது அலகை மார்போடு அழுத்துவதைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணியிருக்கலாம் என்பது பறவையியலார் விளக்கம். பறவை நூல் திருந்தியது. அதனால் கல்வாரியில் சிந்திய குருதியின் பொருள் ஒரு துளியேனும் குறைந்ததா?

இதுவரை விளையாட்டு. இனி வருவது விளையாட்டன்று.

2012 மார்ச்சு மாதத்தில் மும்பை இர்லா பகுதியிலுள்ள வேளாங்கண்ணி அன்னை ஆலய வளாகத்தில், பாடுபட்ட சுரூபத்தின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டனர், நீரைப் பாத்திரங்களில் ஏந்திச் சென்றனர். பகுத்தறிவாளர் சனல் இடமருகு அங்கு வந்து பார்த்து, அருகிலிருந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து நீர் நுண்துளைகள் வழியே ஏறிச் சொட்டுகிறது என்றார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே இயல்புதான். தொலைக்காட்சியில் அவர் திருச்சபையைக் கடுமையாகச் சாடியது நம்மைப் புண்படுத்தியது உண்மையே. ஆயினும் நம்மவர் சிலர் செய்தது என்ன? மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-அ பிரிவின்கீழ்க் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தனர். அவர் அவ்வாண்டே பின்லாந்து நாட்டுக்குச் சென்றுவிட்டார்.

இதை நினைக்கும்போது நமக்குத் தோமாவின் நினைவு வருகிறது. காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற அந்தத் திருத்தூதரே நம் மயிலைக்கு வந்தார் என்று பெருமை கொள்பவர்கள் நாம். அவர் ஐயத்தைக் கேட்ட ஆண்டவர் சினந்து வெளியேற்றவில்லை. விரலை நீட்டச் சொன்னார். சுவரைத் தோண்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் நாம் காவல் நிலையத்தின் கதவைத் தட்டியது, உயிர்த்தவரின் வழியாகத் தோன்றவில்லை.

திருச்சபையின் வழியும் அதுவன்று. உழவர்கரையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே சென்றால் வில்லியனூர் லூர்து அன்னையின் திருக்குளத்தை அடைகிறோம். நம் பாட்டிமார் நோயுற்ற பிள்ளைகளைச் சுமந்து வந்த இடம் அது. அந்தப் பக்தியின் ஊற்றான பிரான்சு நாட்டு லூர்து நகரில், 1883-ஆம் ஆண்டு முதலே மருத்துவ ஆய்வகம் ஒன்று இயங்கி வருகிறது. எச்சமயத்து மருத்துவரும் அங்கு ஆவணங்களைப் பார்க்கலாம். குணமடைந்ததாகப் பதிவானவை 7,000-க்கும் மேல். திருச்சபை புதுமையென ஏற்றவற்றில் 70-ஆவது அறிவிக்கப்பட்டது 2018-இல். அதன் பின்னும் ஓரிரண்டே சேர்ந்துள்ளன. இத்தனை தயக்கத்தோடு நம்பும் தாயின் பிள்ளைகள் நாம்.

ஐயப்படுவோருக்கும் ஒரு சொல் சொல்ல நம் ஊருக்கு உரிமை உண்டு. எதையும் ஐயுற்ற வோல்தேர், 1760-இல் தம் கைக்கு வந்த 'எசூர்வேதம்' என்ற ஏட்டை மிகப் பழைமையான இந்திய நூல் என்று நம்பி அரசரின் நூலகத்திற்கு அளித்தார். உண்மையில் அது மறைப்பணியாளர் எழுதிய உரையாடல் நூல். குறள் அன்பரான எல்லிஸ் துரை, புதுச்சேரி மறைத்தளத்திலிருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1822-இல் வெளிவந்தது. தாம் விரும்பியதை ஆராயாமல் நம்பும் பலவீனம் பக்தர்களுக்கு மட்டும் உரியதன்று.

அப்படியானால் விளக்கத்திற்கு எல்லையே இல்லையா? உண்டு. இயேசு உயிர்த்தெழவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்று பவுலடியாரே எல்லையைக் காட்டிவிட்டார். அதைப் பனிக்கட்டியாகவோ காற்றாகவோ கரைக்க நாம் உடன்பட முடியாது.

இறுதியாக அப்பங்களின் புதுமை. ஒரு சிறுவன் கொடுத்ததைக் கண்டு, மடியில் ஒளித்து வைத்திருந்த உணவை எல்லாரும் எடுத்துப் பகிர்ந்தனர் என்பது ஜெர்மானிய அறிஞர் பவுலுஸ் போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய விளக்கம். நாம் இதை ஏற்கவில்லை. உண்ட மக்கள் இயேசுவை அரசராக்கத் தேடினர் என்கிறார் யோவான். தம் சொந்த மூட்டையை அவிழ்க்க வைத்தவரை யார் அரசராக்குவார்?

ஆனால் அந்த விளக்கம் நம்மை உறங்கவிடுவதில்லை. அப்பம் பெருகியதை முழுமனத்தோடு நம்பும் நாம், திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஆலய வாயிலில் கை நீட்டி அமர்ந்திருப்பவரைக் கடந்து போகிறோம். புதுமையை நம்பாத ஒருவர் அவருக்குத் தம் உணவில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று புல்தரையில் நிகழ்ந்ததை இருவரில் யார் புரிந்துகொண்டவர்? பின்வரிசைப் பிள்ளை அடுத்த ஞாயிறு இதையும் கேட்பான். அவனை அதட்டாதிருப்போம்.